மாமாவின் பெயரில் ஒரு ஹார்டு டிஸ்க்

இன்றைக்கு எப்படியும் மனைவியிடம் நேராகக் கேட்டுவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழி. தலைக்கு மேலே லிஃப்ட் தொங்குகிறது. கணுக்கால் வரை மழைத் தண்ணீர் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதனுக்கு வரும் துணிச்சல், ஏணியில் ஏறி வெளியே வருவதற்குள் பாதியாகிவிடும். அது அவருக்கும் தெரியும். அதனால் குழிக்குள் நின்றபடியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு புது ஹார்டு டிஸ்க் வேணும். கேம் வெச்சுக்கறதுக்கு."

குழி அதைத் திருப்பிச் சொன்னது. கேட்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. வீட்டுச் சமையலறையில் எதிரொலி கிடையாது என்பதை அப்போது அவர் யோசிக்கவில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். நாள் முழுவதும் மேலே போவார், கீழே வருவார், சாயங்காலம் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார். இந்தத் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் ஒத்தாசை. கயிறு உராய்கிறதா, சக்கரம் தேய்கிறதா, கதவு மோட்டார் மூச்சு வாங்குகிறதா, எல்லாவற்றையும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குக் கொஞ்ச நாளாக வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிக். டிக். கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி டிக். உள்ளே கேம்கள் இருக்கும் டிஸ்க் சாகக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போனால் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அந்த டிஸ்கில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

லாரி ஓட்டும் கேம் அது. சரக்கு ஏற்ற வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும், இறக்க வேண்டும். பொழுதுபோகாதவர்கள் விளையாடுவது. ஆனால் அவருடைய மாமனார் வாழ்நாள் முழுவதும் நிஜ லாரி ஓட்டியவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த புதிதில் ஜன்னலில் நின்றுகொண்டு, தெருவில் போகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் லாரியைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றோடு தெரு பிழைத்தது. மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார்.

"என்ன கியர் மாப்பிள்ளை அது? இஞ்சின் கதறுது, காதுல விழலியா?"

"மாமா, இது கேம். ஒண்ணும் ஆகாது."

"அது கேம்னு வண்டிக்குத் தெரியுமா?"

"அப்ப நீங்களே ஓட்டுங்க மாமா."

"கை நடுங்குதே. ஓட்டுறது நீங்க ஓட்டுங்க. ஆனா டிரைவர் நான்தான். நீங்க கிளீனர். கிளீனர் பேசக்கூடாது. கண்ணாடியப் பாத்துக்கிட்டு வரணும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கிளீனராக இருந்த லாரி உலகத்திலேயே அது ஒன்றுதான். ஸ்டியரிங் என்றால் நிஜமாகவே ஸ்டியரிங், மேஜையில் மாட்டிக்கொள்கிற சின்ன வட்டம். அதை வாங்கியதும் மாமாவின் பெயரில்தான். 'மாமா கை நடுக்கத்துக்குப் பயிற்சியா இருக்கும்' என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார். டாக்டர் தொடவே கூடாது என்ற இனிப்பு வகைகள், 'மாப்பிள்ளை ஆசைப்படறாரும்மா' என்ற பெயரில் வீட்டுக்குள் வந்து மாமாவின் வாய்க்குள் போயின. இப்படி ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி அந்த இரண்டு ஆண்களும் கொஞ்ச காலம் ராஜாவாக வாழ்ந்தார்கள். வீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம், தக்காளி லோடோடு போய்க்கொண்டிருந்தபோது, கேமுக்குள் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் லாரிகள் நிற்கும் ஓர் இடம் வந்தது.

"இங்கயே ஓரங்கட்டுங்க மாப்பிள்ளை. மழை வலுத்துருச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் மாமா.

மறுநாள் காலை மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

இது நடந்து ஒரு வருஷமாகிறது. லாரி இன்னும் அங்கேயே நிற்கிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் லிஃப்ட்காரர் கம்ப்யூட்டரைப் போடுவார். லாரி இஞ்சினைக் கிளப்புவார். வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடும். கியர் போடக் கை வராது. காலி ஸ்டூலைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இஞ்சினை அணைப்பார். தக்காளி மட்டும் அழுகாமல் இருந்தது. கம்ப்யூட்டர் தக்காளிக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

இதை மனைவியிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அப்பா போன கொஞ்ச நாளிலேயே அவள் அவருடைய அறையை ஒழித்துக் கழுவிவிட்டாள். சட்டைகள் போயின. மூக்குக் கண்ணாடி போயிற்று. செருப்பும் போயிற்று. "அதையாவது வெச்சுக்கலாமே" என்று இவர் செருப்பைக் காட்டிக் கெஞ்சியபோது, "வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கேட்டாள். அழவில்லை. அந்தக் கேள்வி இவர் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. செருப்புக்கே அந்தக் கதி என்றால், மழையில் நிற்கும் தக்காளி லாரிக்கு என்ன கதி?

அதனால் லாரியைப் பற்றி மூச்சு விடுவதில்லை, பொதுவாகக் கேம் என்று மட்டும் சொல்லிக் கேட்பது என்பதுதான் குழிக்குள் எடுத்த முடிவு. கூடவே புதிதாக வந்த இரண்டு கேமையும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன நப்பாசை. மனிதர்தானே.

இந்த இடத்தில் மனைவியின் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் இன்ஷூரன்ஸ் ஆபீசில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுவதும் பொய் கேட்பதற்குச் சம்பளம். மற்றவர்கள் பொய்யைக் கண்டால் சண்டை போடுவார்கள். அவள் ஒத்துக்கொள்வாள். அவளுடைய வழி அது. ஒருமுறை ஒருவர், தீ விபத்தில் வீட்டுச் சாமான்களோடு ஒரு பியானோவும் எரிந்துபோனதாக எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் பியானோவே இருந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். "ஐயோ பாவம், பியானோவா?" என்றாள். பணமாகத் தராமல் ஒரு பழைய பியானோவையே வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மனிதர் குடியிருந்தது மேல் மாடி. பியானோ லிஃப்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கப் போனவர் நம்முடைய லிஃப்ட்காரரேதான். பியானோவுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரைக் கண்ணால் பார்த்தவர். வீட்டுக்கு வந்து மனைவியோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தவர். பார்த்தும் புத்தி வரவில்லை என்றால் யார் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை ஓயவில்லை. லிஃப்ட்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல டிஸ்க் நெறஞ்சு போச்சு. சத்தம் வேற போடுது."

"எதால நெறஞ்சுது?"

குழிக்குள் இந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்க்கவில்லை.

"எதாலன்னா... பொதுவா."

"பொதுவா நெறையறதுக்கு அது என்ன தண்ணித் தொட்டியா?"

"புதுசா ஒண்ணு வாங்கிட்டா நல்லது."

"எதுக்கு?"

கேமுக்கு. ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். விசாரணைப் பார்வை. வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது, அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே குதித்தது.

"போட்டோவுக்கு."

"யார் போட்டோ?"

"மாமா போட்டோ."

கத்தி நின்றது. சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. உயிரோடு இருந்தவரை மாமாவின் பெயரைச் சொல்லி எத்தனையோ வாங்கியாயிற்று. பழக்க தோஷம். செத்த மனிதரையும் விட்டுவைக்கவில்லையே பாவி என்று உள்ளே ஒரு குரல் திட்டியது. திட்டு வாங்கிக்கொண்டே அவர் மேலே பேசினார்.

"உன் தங்கச்சி போன்ல கொஞ்சம், சித்தி போன்ல கொஞ்சம்னு அங்கங்க கெடக்கு. எல்லாம் அழிஞ்சு போயிடும். ஒரே எடத்துல சேத்து வெச்சா..."

"வேற எதுக்கும் இல்லையே?"

"சேச்சே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா, அப்பாவா என்று இவருக்குத் தெரியவில்லை.

"சரிங்க. வாங்கலாம். நல்லதாவே வாங்கலாம்."

அவள் சரி சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்குப் பியானோக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷமும், இப்படியா தப்பிக்க வேண்டும் என்ற வெட்கமும் சேர்ந்து அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்குத் தனியாகப் போய்விட்டால் விஷயத்தைக் கச்சிதமாக முடித்துவிடலாம் என்று திட்டம். அவள் குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

அது கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு குறுகலான கடை. சுவர் முழுக்க ஒயர்கள் தொங்கின. கடையை நடத்திய அம்மாளுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே வியாபாரம் பார்த்தாள்.

"டிஸ்க் எதுக்கு சார்?" என்றாள் கடைக்காரம்மா.

"பொதுவா..."

"போட்டோவுக்கு" என்றாள் மனைவி.

"ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு உள்ள தட்டு சுத்துறது. மெதுவாத்தான் வேலை செய்யும். ஆனா விலை கம்மி, எடம் ஏராளம். இன்னொண்ணு சுத்தாதது. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள எல்லாம் வந்துடும். விலை கடிக்கும். கேம் ஆடறவங்க அதத்தான் வாங்குவாங்க."

லிஃப்ட்காரரின் கண்கள் சுற்றாததன் மேல் போய் ஒட்டிக்கொண்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் தீப்பெட்டி கனத்தில் கறுப்பாக இருந்தது.

"அது கொஞ்சம் உறுதியா இருக்கும்ல?" என்றார்.

"ரெண்டுமே உறுதிதான் சார். போட்டோ வெக்கறதுக்கு யாராவது இவ்வளவு காசக் கொட்டுவாங்களா?"

"இல்ல, போட்டோ சட்டுனு தெறக்கணும்ல. காத்துக்கிட்டு இருக்க முடியாது பாருங்க."

"யார் போட்டோ சார் அது, அவ்வளவு அவசரமா?"

"எங்கப்பா போட்டோ" என்றாள் மனைவி.

"அவர் என்ன ஓடியா போகப் போறாரு? மெதுவாத் தெறந்தா காத்துக்கிட்டு இருக்க மாட்டாரா?"

"போயிட்டார்" என்றாள் மனைவி.

கடைக்காரம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். இதற்குப் பிறகு வேகத்தைப் பற்றி வாயைத் திறக்க எந்த மாப்பிள்ளைக்கு முகம் இருக்கும்? மனைவியின் தலைக்குப் பின்னாலிருந்து கடைக்காரம்மாவுக்குக் கண்ணால் ஒரு ஜாடை காட்டிப் பார்த்தார். பெரியவர் போன துக்கத்தில் மனிதருக்குக் கண் துடிக்கிறது என்று நினைத்து அவள் இன்னும் உருகினாள். உருகிப்போய், சுற்றுகிற டிஸ்கின் விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தாள்.

இப்படியாக, தாங்கக்கூடிய விலையில், தாங்க முடியாத ஒரு டிஸ்க் அவர் தலையில் கட்டப்பட்டது.

சரி, மெதுவானது என்றால் என்ன, லாரிதானே, மெதுவாகவே ஓடட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய டிஸ்கிலிருந்து லாரியைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டியது. அதுவரை அந்தப் பழையது மூச்சை விடாமல் இருந்தால் போதும். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டரில் காதை வைத்து டிக் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது. புதன்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. சாயங்காலம் இவர் வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது. டிக் சத்தம் கேட்கவில்லை.

"பெட்டிய எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தேங்க. புது டிஸ்க்க மாட்டிக் குடுத்துட்டாங்க. அப்பாவோடது எல்லாத்தையும் நானே பக்கத்துல இருந்து ஏத்திட்டேன்."

"அப்படியா? நல்லது. பழசு எங்க?"

"அங்கயே குடுத்துட்டேன். அது சாகக் கெடக்குதாம். வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். போயிற்று. மழை, வைப்பர், தக்காளி, எல்லாம் போயிற்று. நாளைக்கு எடுத்துக்கலாம் என்று மாமா சொன்ன அந்த நாளை இனி எங்கேயும் இல்லை. எழுந்து கடைக்கு ஓடலாம். எதற்கு என்று அவள் கேட்பாளே? வேற எதுக்கும் இல்லையே என்று கேட்டபோது சேச்சே என்றவர் இப்போது என்ன வாயோடு லாரி என்பது?

"ஏங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"மழைல நனைஞ்சுட்டேன்."

"தலையத் தொடச்சுக்கங்க."

துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டிருக்க முடிந்தது.

புது டிஸ்கைத் திறந்து பார்த்தார். 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதுவே டிஸ்கில் பெரும் பங்கை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. குடும்பப் படங்களில் எல்லாம் அவருடைய முழங்கை இருக்கும், முதுகு இருக்கும், பாதிக் காது இருக்கும். அந்த முழங்கைக்கா இவ்வளவு இடம்? திறந்து பார்க்கலாம் என்று அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தார். எந்த மனிதரைச் சாக்கு வைத்துப் பொய் சொன்னோமோ அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? அம்புக்குறியை நகர்த்திவிட்டார்.

"அந்த ஃபோல்டர நானே பாத்துக்கறேங்க" என்று அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள். "நீங்க மத்தவங்க கிட்டேருந்து போட்டோ வாங்கியாந்து அடுக்குங்க. நீங்கதானே சொன்னீங்க, அங்கங்க கெடக்குன்னு."

பியானோ மாடி ஏறத் தொடங்கியது.

அதற்கப்புறம் லிஃப்ட்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. மழையில் மச்சினி வீட்டுக்குப் போனார். பொத்தான் தேய்ந்த பழைய போன் ஒன்றை அவள் எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்தாள். சித்தி வீட்டுக்குப் போனார். சித்தியின் போனில் மாமா இருந்த படம் ஒன்று, சித்தியின் முழங்கால் எக்ஸ்ரே ஒரு நூறு. ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுக்கச் சித்திக்குத் தெரியாது என்பதால் எக்ஸ்ரேயும் வந்து சேர்ந்தது. கல்யாண வீடியோக்கள் வந்தன. அவற்றில் வரிசையாக நின்று சாப்பிடுகிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இவர் பெயர் போட வேண்டும், வருஷம் போட வேண்டும்.

"இதுல மஞ்சப் பொடவை யாரு?"

"அது பொடவை இல்லீங்க, திரைச்சீலை. பெரியம்மா வீட்டுக் கூடம்."

"மாமா எங்க இருக்கார் இதுல?"

"திரைச்சீலைக்குப் பின்னால. கேமராவப் பாத்ததும் ஓடிட்டார்."

திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த செருப்பை இவர் அடையாளம் கண்டுகொண்டார். கெஞ்சியும் கிடைக்காத அதே செருப்பு. அந்தப் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்கில் மிச்சமிருந்த இடமும் நாளுக்கு நாள் சுருங்கியது. புது கேம் இரண்டையும் வாங்கி வைக்க நினைத்ததெல்லாம் கனவாயிற்று. எக்ஸ்ரேவை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "சித்தி மனசு சங்கடப்படும்" என்றாள். சாயங்காலங்களில் அவர் பழக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவார். கிளப்புவதற்கு இஞ்சின் இல்லை. ஸ்டியரிங்கைச் சும்மா இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு எழுந்து வந்துவிடுவார். அந்த ஸ்டியரிங்கில் தூசியே படிவதில்லை என்பதை அவர் கவனித்திருக்கலாம். மனம் சோர்ந்து கிடக்கிறவனுக்குத் தூசி எங்கே தெரியும்?

ஒரு புதன்கிழமை, அவர் வேலை பார்க்கப் போன கட்டடத்தில் குழி முழுகிவிட்டது. தண்ணீர் இறைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நனைந்த ஷூவோடு மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் நின்றார்.

ஹார்ன் சத்தம். தெருவில் இல்லை. மேலே, அவர் வீட்டுக்குள்ளிருந்து.

அப்புறம் இஞ்சின். இந்தக் காதுக்கா தெரியாது? அந்த இஞ்சினேதான். ஆனால் நின்ற இடத்தில் உறுமுகிற சத்தம் இல்லை. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஏற்றத்தில் ஏறுகிறது. எங்கும் கதறாமல், மாமா கேட்டுக் கேட்டு மாப்பிள்ளைக்குக் கடைசிவரை வராத பக்குவத்தில் ஏறுகிறது.

மாமாதான் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினார். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

நாற்காலியில் மனைவி. கையில் ஸ்டியரிங். ஆபீஸ் வேலையைக் காணோம். திரையில் மலைப்பாதை ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கதவச் சாத்துங்க. சாரல் அடிக்குது."

"இது... இது எங்கேருந்து வந்துச்சு?"

"அப்பா ஃபோல்டர்லதான் இருக்கு. மொதல் நாளே ஏத்திட்டேனே. அப்பாவோடது எல்லாம்னு சொன்னேன்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் சாயங்காலம் இஞ்சினக் கெளப்பிச் சும்மா வெச்சிருப்பீங்க. ஒரு வருஷமா வண்டி நகர்ற சத்தமே கேக்கல. லாரிக்காரர் பொண்ணுங்க நான். அடுப்படில நின்னாலும் இது கூடத் தெரியாதா?"

லிஃப்ட்காரர் திரைக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"அப்ப அந்த வண்டி? தக்காளி வண்டி? அதையா ஓட்டுற?"

இஞ்சின் சத்தம் இறங்கியது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எதையோ அழுத்தினாள். திரை மாறியது. மழை. வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது. சாலையோரத்தில் லாரி அதே இடத்தில், மாமா ஓரங்கட்டச் சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அதத் தொட எனக்கும் மனசு வரலீங்க" என்றாள். இப்போது வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. "சட்ட, செருப்பெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா என்னால எந்திரிச்சு ஆபீஸ் போயிருக்க முடியாது. அதான் குடுத்துட்டேன். இது அப்படி இல்ல. இது இங்கயே நிக்கட்டும். நான் ஓட்டுறது வேற வண்டி. புதுசா எடுத்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழுதார். நனைந்து வந்திருந்ததால் கணக்குக் கேட்க ஆள் இல்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல நீ? லாரி போயிடுச்சேன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"லாரியா? நீங்க லாரின்னு கேக்கவே இல்லியே. போட்டோன்னு கேட்டீங்க. போட்டோ குடுத்தேன்."

"அதுக்காக எக்ஸ்ரேயெல்லாமா?"

"நேரா வந்து, அப்பாவோட வண்டி இருக்கு, காப்பாத்தணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தச் சுத்தாத டிஸ்க்கையே வாங்கிக் குடுத்திருப்பேன். கையில காசோடதான் கடைக்கு வந்தேன். வழியெல்லாம் காத்துக்கிட்டு இருந்தேன், இப்பச் சொல்வீங்க, இப்பச் சொல்வீங்கன்னு."

தீப்பெட்டி கனத்தில் கறுப்பாக இருந்த அந்தச் சுற்றாத டிஸ்க் லிஃப்ட்காரரின் கண் முன்னால் ஒரு தரம் வந்துவிட்டுப் போயிற்று. பியானோவுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்திருந்தவரும் வந்தார். இந்தத் தடவை அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

அவள் திரையை மாற்றினாள். மலைப்பாதை திரும்ப வந்தது. பெரிய லாரி. மாமா ஓட்டியதைவிடப் பெரியது. இரண்டு மாதம் புதன்கிழமை தோறும் ஆபீஸ் நேரத்தில் உழைத்துச் சம்பாதித்தது போலிருக்கிறது.

"போனது போகட்டும்" என்றார். மெல்ல நாற்காலியின் கையைத் தொட்டார். "எந்திரி. நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. காலால் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். ஒரு வருஷமாக யாரும் உட்காராத ஸ்டூல். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மெதுவாக உட்கார்ந்தார். லாரி கிளம்பியது. வளைவில் ஒரு சரிவு வந்தது. பழைய ஞாபகத்தில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அங்க ரெண்டாவது கியர் போட்டா..."

"கிளீனர் பேசக்கூடாது" என்றாள். "கண்ணாடியப் பாத்துக்கிட்டு வாங்க."